நியூயார்க் மெட்ஸ் (பேஸ்பால்) 0-5: எப்போதிலிருந்து கவலைப்படலாம்?

மேல்தட்டு_514 | ஏப்ரல் 4, 2024, டபுள்ஹெட்டரின் (ஒரே நாளில் இரண்டு ஆட்டம்) முதல் ஆட்டம் முடிந்ததும்

ஐந்தும் போச்சு. ஐந்துமே சொந்த மைதானத்தில். மில்வாக்கி வந்து 3-1, 7-6, 4-1 என்று மூன்றையும் அள்ளிக்கொண்டு போனது. திங்கட்கிழமை டெட்ராய்ட்டிடம் 10 இன்னிங்ஸில் (வழக்கமாக 9) 5-0. அப்புறம் இரண்டு நாள் மழை. இன்றைக்கு முதல் ஆட்டம் 11 இன்னிங்ஸ் இழுத்து 6-3. ஐந்து ஆட்டத்துக்கும் சேர்த்து நம்ம ஆட்கள் எடுத்தது 11 ரன்.

"ஏப்ரல்தானே, 162 ஆட்டத்தில் இன்னும் 157 கிடக்கு" என்கிற ஆறுதல் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். இந்த 0-5 எவ்வளவு சேதம் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். பேட்டிங் படுத்திருப்பது குளிராலா, துரதிர்ஷ்டத்தாலா, இல்லை ஆட்களே இவ்வளவுதானா என்று எதை வைத்துப் பிரிப்பது? ஸ்டாண்டிங்ஸ் பக்கத்தை எத்தனையாவது ஆட்டத்தில் திறக்கலாம்?

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 4

சேதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நேஷனல் லீக்கின் கடைசி வைல்ட் கார்டு (டிவிஷன் ஜெயிக்காத அணிக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம்) 84 வெற்றிக்குக் கிடைத்தது. வாங்கியது அரிசோனா; அங்கிருந்து உலகத் தொடர் வரை போனார்கள். 162இல் 84 என்றால் வெற்றி விகிதம் 0.519. இப்போது அதே 84ஐ 157இல் எடுக்க வேண்டும், அதாவது 0.535. மீதி சீசன் முழுக்க இரண்டரை ஆட்டம் கூடுதலாக ஜெயித்தால் கடன் தீர்ந்தது. வலிக்கும், ஆனால் கை கால் போகவில்லை.

ஐபிஎல் பார்த்துப் பழகிய கண் இங்கேதான் ஏமாறும். அங்கே 14 லீக் ஆட்டம். ஐந்து தோல்வி என்றால் சீசனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. இங்கே ஐந்து தோல்வி என்பது சீசனில் 3 சதவீதம். ஐபிஎல் அளவில் மாற்றினால் அரை மேட்சுக்கும் குறைவு. முதலில் ஆடும் அணியின் பேட்டிங்கே இன்னும் முடியாத மாதிரி.

அடுத்து, இந்த ஐந்தை வைத்து அணியின் தரத்தைப் பற்றி நம் எண்ணத்தை எவ்வளவு மாற்றலாம்? அதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. அணி இதுவரை ஆடியதோடு 35 வெற்றி, 35 தோல்வி சேர்த்துக்கொள்ளுங்கள். 0-5 என்பது 35-40 ஆகிறது: 75இல் 35, அதாவது 0.467. ஐந்தையும் ஜெயித்திருந்தால் 0.533. சராசரி அணி என்று நினைத்திருந்தோம் என்றால், சராசரிக்குக் கொஞ்சம் கீழே என்று திருத்திக்கொள்ள மட்டும்தான் இந்த ஐந்து ஆட்டம் அனுமதிக்கிறது. அதுவும் அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதவனுக்கான கணக்கு. நம்ம பேட்டர்கள் லின்டோர், அலோன்சோ, நிம்மோ முன்னே என்ன செய்தார்கள் என்று தெரிந்த நமக்கு மாற்றம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதிலும் அந்த 70இல்தான் இருக்கிறது. 70 ஆட்டம் ஆன பிறகுதான் கண்ணால் பார்த்ததற்கும் முன்பே நினைத்ததற்கும் சம மதிப்பு வருகிறது. அதாவது ஜூன் நடுவில்.

ரன் வித்தியாசத்தையும் பார்த்துவிடுவோம், நம்ம நெட் ரன் ரேட் போலத்தான். எடுத்த ரன்னை 1.83ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். கொடுத்த ரன்னையும் அப்படியே உயர்த்துங்கள். இரண்டின் கூட்டலால் முதலாவதை வகுத்தால் வந்திருக்க வேண்டிய வெற்றி விகிதம் வரும். 11 எடுத்து 25 கொடுத்ததற்கு 0.18. ஐந்தில் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. ஆனால் இதில் ஒரு கலப்படம் இருக்கிறது. 10ஆவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஓசியாக ஒரு ரன்னரை நிறுத்துகிறார்களே, அந்த ஏற்பாடு ரன் கணக்கை ஊத வைக்கிறது. திங்கட்கிழமை 9 இன்னிங்ஸ் முடிவில் ஸ்கோர் 0-0. ஐந்து ரன்னும் 10ஆவதில் வந்தவை. இன்றும் 10 முடியும்வரை சமநிலை, 11ஆவதில் மூன்று. அந்த 8 ரன்னைக் கழித்தால் 11க்கு 17; வந்திருக்க வேண்டியது ஒன்றரை வெற்றி. மோசம்தான், ஆனால் 0-5 என்ற பதிவு சொல்லுகிற அளவு இல்லை.

பழைய கதைகளை இரண்டு பக்கமும் எடுக்கலாம். 1998 யாங்கீஸ் 1-4இல் ஆரம்பித்து 114 ஜெயித்தது. 2021 அட்லாண்டா 0-4; அந்த வருஷக் கோப்பை அவர்களுக்குத்தான். எதிர்ப்பக்கம், 2016 மினசோட்டா 0-9இல் ஆரம்பித்து 103 தோற்றது. 2019 சியாட்டில் 13-2 என்று பறந்து 68-94இல் வந்து விழுந்தது. 1987 மில்வாக்கி 13-0 போய், 91 வெற்றியோடு வீட்டில் உட்கார்ந்தது. இதில் சுவையானது 2011: டாம்பா பே, பாஸ்டன் இரண்டுமே 0-6. முடிவில் 91, 90. கடைசி இரவில் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் டாம்பா உள்ளே, பாஸ்டன் வெளியே.

ரேடார்_கன் | ஏப்ரல் 4

கணக்குப்பிள்ளை வெற்றி தோல்விய சொல்லிட்டார். நான் ஆளைப் பார்க்கிறது எப்படின்னு சொல்றேன். ஏப்ரல்ல எல்லா எண்ணும் ஒரே வேகத்துல நம்பகமாகாது. எது சீக்கிரம் பேசும், எது பொய் சொல்லும்னு தெரிஞ்சா போதும்.

பேட்டிங் சராசரிதான் பெரிய பொய்யன். 20 முறை பேட் பண்ணவனுக்கு ஒரு ஹிட் 0.050. ஒருத்தன் 0.150, இன்னொருத்தன் 0.250ன்னா நடுவுல இருக்கிறது ரெண்டே பந்து. ஒண்ணு ஷார்ட்ஸ்டாப் கைக்கு நேரா போயிருக்கும், இன்னொண்ணு வெயில்ல தொலைஞ்சு விழுந்திருக்கும். ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) விகிதம் அப்படி இல்ல, 60 முறை பேட்டிங் வந்தாலே ஓரளவு நம்பலாம், அதாவது தினம் ஆடுறவனுக்கு ரெண்டு வாரம். வாக் (நாலு தப்பான பந்துக்குக் கிடைக்கிற இலவச பேஸ்) விகிதத்துக்கு 120, ஹோம் ரன்னுக்கு 170. களத்துல விழுந்த பந்து ஹிட் ஆகுற விகிதத்துக்கு ஒரு சீசனே போதாது.

பேஸ்பால் சேவன்ட் தளத்துல பந்து பேட்டை விட்டுக் கிளம்புற வேகம் இருக்கும். மணிக்கு 95 மைலுக்கு மேல இருந்தா பலமான அடி. சராசரி பார்க்க 40, 50 பந்தாவது வேணும். ஆனா உச்ச வேகத்துக்கு ஒரே பந்து போதும். 110 மைல் ஒருத்தன் அடிச்சுட்டான்னா உடம்புல பலம் இருக்கு. அதிர்ஷ்டத்துல யாரும் 110 அடிக்க முடியாது. அதோட ஸ்ட்ரைக் ஸோனுக்கு (பந்து சரியா வர வேண்டிய எல்லை) வெளியே போற பந்தைத் துரத்துற விகிதம் பாருங்க. லீக் சராசரி 30 சதவீதத்துக்குச் சத்தே கீழ. ஒருத்தன் போன வருஷம் 25இல இருந்து இப்ப 38 துரத்துறான்னா அது குளிரும் இல்ல, துரதிர்ஷ்டமும் இல்ல. ஒண்ணு பந்தைத் தாமதமா பார்க்கிறான், இல்லன்னா பதற்றத்துல எல்லாத்தையும் அடிக்கப் போறான்.

பிட்சர்ல, அதாவது பந்து வீசுறவன்கிட்ட, முதல்ல வேகம். ரெண்டு ஸ்டார்ட்ல (ஆட்டத்தைத் தொடங்கி வீசுறது) தெரிஞ்சிடும். இங்க எல்லாரும் பண்ற தப்பு, ஏப்ரல் வேகத்தைப் போன செப்டம்பரோட ஒப்பிடுறது. ஏப்ரலை ஏப்ரலோடதான் வைக்கணும். குளிர்ல ஒரு மைல் குறையறது சகஜம். ரெண்டு மைல் குறைஞ்சு, அது ரெண்டு ஆட்டம் தொடர்ந்து, பந்தை விடுற உயரமும் மாறியிருந்தா தோள்பட்டையைப் பத்தி யோசிக்கலாம். நம்ம கடைசி இன்னிங்ஸ் பிட்சர் எட்வின் டியாஸ் முழங்கால் அறுவை முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு வர்றார். 2022ல அவர் ஃபாஸ்ட்பால் சராசரி 99 மைல், 62 இன்னிங்ஸ்ல 118 ஸ்ட்ரைக் அவுட். இப்ப 97 காட்டினா அலற வேண்டாம். ஸ்லைடருக்கு (பக்கவாட்டில் விலகுற பந்து) பேட்டை வீசி ஏமாறுறாங்களான்னு மட்டும் பாருங்க.

குளிர் கேட்டீங்க. 75 டிகிரி ஃபாரன்ஹீட்ல 400 அடி போற பந்து 45 டிகிரியில ஏறக்குறைய 10 அடி முன்னாடியே விழும். காத்து அடர்த்தி அதிகம், பந்தோட துள்ளலும் குறையும். நம்ம மைதானம் சிட்டி ஃபீல்டுல சென்டர் சுவர் 408 அடி, அதனால ஏப்ரல்ல சுவரோரம் பிடிபடுற கேட்சு நிறைய. பேட்டோட கழுத்துல பட்டா கை மரத்துப் போறதால உள்ள வர்ற பந்தைத் தொடவே தயங்குவாங்க. எல்லாம் சரி, ஆனா அதே குளிர்லதான் மில்வாக்கி மூணு ஆட்டத்துல 14 ரன் எடுத்தது. குளிர் ரெண்டு டக்அவுட்டுக்கும் ஒண்ணுதான்.

இருபத்தேழாவது_ஆள் | ஏப்ரல் 4

மேலே இருவரும் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 35-35 கணக்குக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: யார் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்பது. கவலைப்படுகிறவர் ஸ்கோரை விட்டுவிட்டு இதைப் பார்த்துக் கவலைப்படட்டும்.

நம்ம பிட்சர் செங்கா போன வருஷம் 9 இன்னிங்ஸுக்கு 2.98 ரன் என்ற சராசரியில் 202 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். தோள்பட்டைக் காயத்தால் பயிற்சி முகாமிலிருந்தே இல்லை. இன்னொரு பிட்சர் மெகில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டார்ட் ஆடினார், அவருக்கும் தோள், அவரும் காயப் பட்டியலில். முதல் வாரத்திலேயே ஆறாவது, ஏழாவது ஸ்டார்ட்டரைத் தேடுகிற நிலை. 0-5ஐ மறந்துவிடலாம், இதை மறக்க முடியாது.

அடுத்தது புல்பென், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பிறகு வீச வரும் ரிலீவர்கள். அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13க்கு மேல் கூடாது. டபுள்ஹெட்டர் நாளில் மட்டும் 27ஆவதாக ஒருவரைக் கூப்பிடலாம். நாலு நாளைக்குள் ஒரு 10 இன்னிங்ஸ், ஒரு 11 இன்னிங்ஸ், அதன் மேலேயே இன்னொரு ஆட்டம். நடுவில் பெய்த மழை மட்டும்தான் உபகாரம். களைத்த ரிலீவரை கீழே மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டுப் புதுக் கையை எடுக்கலாமே என்றால், கீழே போன பிட்சர் 15 நாள் கழித்துத்தான் திரும்ப முடியும், மேலே யாருக்காவது காயம் என்றால் ஒழிய. அதற்கும் அவருக்கு ஆப்ஷன் (அப்படிக் கீழே அனுப்பும் உரிமை) மிச்சம் இருக்க வேண்டும். இல்லாதவரை வேவரில் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியல்) போட்டால் வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மேனேஜர் என்ன செய்வார்? ஐந்தாவது இன்னிங்ஸில் தடுமாறுகிற ஸ்டார்ட்டரை இன்னும் நாலு பேட்டருக்கு விட்டு வைப்பார். மூன்று ரன் போகும். ஏப்ரல் தோல்வி ஒன்று அடுத்த தோல்வியைப் பெற்றுப்போடுவது இந்த வழியில்தான். "மனநிலை", "லாக்கர் ரூம்" எல்லாம் டிவிக்காரர்களுக்கு.

இதைக் கண்காணிப்பது சுலபம். ரிலீவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி, தினம் வீசிய பந்து எண்ணிக்கையைக் குறியுங்கள். 25க்கு மேல் வீசியவர் மறுநாள் கிடையாது. தொடர்ந்து இரண்டு நாள் வந்தவர் மூன்றாம் நாள் அநேகமாகக் கிடையாது. ஏழாவது இன்னிங்ஸில் "அவனை ஏன் கொண்டு வரலை?" என்று கத்துவதில் பாதி அந்தத் தாளைப் பார்த்தால் அடங்கிவிடும்.

இரண்டரை ஆட்டம்தானே என்கிறார் கணக்குப்பிள்ளை. 2011ஐப் பற்றி அவரே எழுதியதை அவரே இன்னொரு தரம் படிக்கட்டும். அந்த பாஸ்டனுக்கு இரண்டரை வேண்டாம், ஒன்று கூடுதலாகக் கிடைத்திருந்தாலே டாம்பாவோடு சமம்.

மேல்தட்டு_514 | ஏப்ரல் 4, இரவு

1-5! ஏழு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட இல்லை. எட்டாவதில்தான் பேடர் முதல் ஹிட். ஒன்பதாவதில் அலோன்சோ ஹோம் ரன் அடித்து 1-1, அப்புறம் டைரோன் டெய்லர் சிங்கிளில் 2-1. இனி நிம்மதியாகச் சாப்பிடலாமா?

அப்புறம் அண்ணா, ஆட்டம் முழுக்கப் பார்க்க நேரமில்லாத நாளில் பாக்ஸ் ஸ்கோரில் ஐந்து நிமிஷம் எதைப் பார்ப்பது?

ரேடார்_கன் | ஏப்ரல் 4, இரவு

சாப்பிடுங்க. ஆனா பேட்டிங்ன்னு பார்த்தா தோத்த ஆட்டங்கள் சிலதைவிட இந்த ஜெயிச்ச ஆட்டம் மோசம். அந்த அஞ்சுக்கு எவ்வளவு பதற வேண்டாமோ, இதுக்கு அவ்வளவு குதிக்கவும் வேண்டாம். டெட்ராய்ட்டை ஒரு ரன்ல நிறுத்தினாங்களே, அதுதான் இன்னிக்கு உருப்படியான விஷயம்.

இருபத்தேழாவது_ஆள் | ஏப்ரல் 4, இரவு

பாக்ஸ் ஸ்கோருக்கு: முதலில் நம் ஸ்டார்ட்டர் எத்தனை பந்தில் எத்தனை அவுட் எடுத்தார் என்று பாருங்கள். 90 பந்தில் 18 அவுட் நல்லது. 90இல் 12 என்றால் நாளைய புல்பெனை இன்றே தின்றுவிட்டார். பிறகு இரு பக்கமும் வாக், ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கை. ரன்னர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸில் இருந்தபோது எத்தனைக்கு எத்தனை ஹிட் என்று ஒரு வரி இருக்கும். 10க்கு 1 என்றால் கோபம் வரும், ஆனால் பத்து வாய்ப்பு உருவாகியிருக்கிறது என்பதுதான் அதில் செய்தி. 2க்கு 0 என்றால்தான் கவலை. ஃபீல்டிங் பிழைகளைக் கடைசியில் பாருங்கள், நேரமிருந்தால்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 21, 2024

இந்த இழையைத் தூசி தட்டுகிறேன். நேற்று டாட்ஜர்ஸிடம் நேஷனல் லீக் இறுதித் தொடரை 4-2இல் தோற்றோம். சீசன் கணக்கு 89-73.

நடந்த பாதை: 0-5இலிருந்து 12-8 வரை ஏறி, எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தபோது சரிந்து, ஜூன் 2 அன்று 24-35. அதன் பிறகு 65-38. ஏப்ரலில் பயந்தவர்களும் தப்பு, ஏப்ரல் 20 வாக்கில் குதித்தவர்களும் தப்பு. மற்ற அணிகளையும் பாருங்கள். ஹூஸ்டன் 0-4, பிறகு 7-19. முடிவில் 88-73, டிவிஷன் பட்டம். பிட்ஸ்பர்க் 5-0இல் ஆரம்பித்து 76-86. மயாமி 0-9இல் ஆரம்பித்து 62-100. நான்கில் மயாமி மட்டும்தான் ஏப்ரல் சொன்னபடி நடந்துகொண்டது.

என் கணக்கு கோட்டைவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். 35-35 கணக்கு ஆரம்பத்தில் இருக்கிற அணியே கடைசிவரை ஆடும் என்று எடுத்துக்கொள்கிறது. பேட்டர் ஜே.டி. மார்ட்டினெஸ் வந்தது ஏப்ரல் 26. வியென்டோஸ் சீசன் தொடங்கும்போது கீழே, மைனர் லீக் அணியான சிரக்யூஸில் இருந்தார். மேலே வந்து 27 ஹோம் ரன். இக்லேசியாஸ் மே 31 அன்று வந்து 85 ஆட்டத்தில் 0.337. லின்டோரை பேட்டிங் வரிசையின் முதலிடத்துக்கு மாற்றியது மே 18. முடிவில் 33 ஹோம் ரன், 29 ஸ்டீல். பிட்சர் மனையா கோடையில் கை உயரத்தைத் தாழ்த்தி வீச ஆரம்பித்த பிறகு வேறு ஆளாகிவிட்டார். இதில் எதுவும் ஏப்ரல் 4 பாக்ஸ் ஸ்கோரில் இல்லை.

இருபத்தேழாவது_ஆள் | அக்டோபர் 21

செங்கா திரும்பியது ஜூலை 26. அந்த ஒரே ஆட்டத்தில் கெண்டைக்காலில் அடிபட்டு, வழக்கமான சீசனில் அதோடு சரி. என் கவலை வீண்போகவில்லை என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

இன்னொன்று. மெட்ஸ் 89, அட்லாண்டா 89, அரிசோனா 89. மூன்றும் சமம், உள்ளே போனது இரண்டு. டைபிரேக்கரில் அரிசோனா வெளியே. 84 போதும் என்று ஏப்ரலில் கணக்குப் போட்டோம், இந்த வருஷம் 89 எடுத்தவனுக்கே இடமில்லை. செப்டம்பர் 30 அன்று அட்லாண்டாவில் இன்னொரு டபுள்ஹெட்டர். முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லின்டோர் அடித்த ஹோம் ரன்னில் 8-7 ஜெயித்துத்தான் மெட்ஸ் இடத்தைப் பிடித்தது.

88 என்றால் நாம் வெளியே. இப்போது ஏப்ரல் 4 இரவு ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள், அந்த ஏழு இன்னிங்ஸ் ஹிட் இல்லாத 2-1.

மேல்தட்டு_514 | அக்டோபர் 21

அப்போ அன்றைக்கு நான் குதித்தது சரிதான்.